பாட்டு முடிந்தால்தான் சமாதானம்

ஜொகூர் பாரு
3 பிப்ரவரி 2025

அன்புள்ள ரூபன்,

நலம்தானே? உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று உன் அம்மா பயந்திருப்பார்கள். முதலில் அவர்களிடம் போய் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி. இது வெறும் கடிதம்தான். போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினாலோ, நீ பார்த்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கும் நேரத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. தபாலில் போட்டால் நீ எப்போது படித்தாய் என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதி எனக்கு வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் வாயைத் திறந்து எதைச் சொன்னாலும் நீ அதைப் பாட்டாக்கிவிடுகிறாய். இந்தக் கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன், ஜாக்கிரதை.

விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூர் விழாவுக்கு நம் 'ஈரக்குடை' இசைக்குழுவை மறுபடியும் கூப்பிட்டார்கள். நாம் இரண்டு பேர்தான் ஈரக்குடை, அதில் ஒருவர் கிதாரைத் தூக்கிக்கொண்டு லாயாங் லாயாங்கில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். பரவாயில்லையாம், நான் மட்டும் வந்து பழைய பாட்டுகளைப் பாடினால் போதுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். டிசம்பரில் ஒரு சின்ன நிகழ்ச்சியில் தனியாகப் பாடிப் பார்த்தேன் ரூபன். 'ஆறிப்போன அடுப்பு' பாடும்போது எல்லோரும் போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. பசி மட்டும் இருந்தது. பாட்டு எப்போது முடியும், நாசி லெமாக் கடையைச் சாத்திவிடுவானே என்று நினைத்துக்கொண்டே உருகி உருகிப் பாடினேன். அன்றைக்கே அந்தப் பாட்டுகளோடு என் கணக்கு தீர்ந்துவிட்டது.

இப்போது வியாழக்கிழமைகளில் பழைய டவுனில் ஒரு காப்பிக்கடை மாடியில் பாடுகிறேன். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே, அந்தப் பல் டாக்டர் ரூபினிதான் பியானோ. டிரம்ஸ் நம் மதிவாணன். சிங்கப்பூர் பேக்டரியில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து ஜாமில் ஊர்ந்து, நேராக மேடைக்கு வந்து உட்காருவான். ஃபைசால் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் டபுள் பேஸ் வாசிக்கிறார். நாங்கள் பாடுவது ஜாஸ். லேசான, துள்ளலான வகை. கேட்பவர்களுக்குக் கால் தானாக ஆடும். அடுத்தவர் வாயால் நீ கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா பாட்டை விட்டுவிடு. என் அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, அதற்குள் நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பல்லவியாக்கிக்கொண்டு வந்து காட்டினாய். அன்று ஆரம்பித்த சண்டை இது. நீ வீட்டை விட்டுப் போனபோது போ என்றும் நான் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பாட்டை மட்டும் முடிக்காதே.

அன்புடன்,
லோஷினி


லாயாங் லாயாங்
14 பிப்ரவரி 2025

என் அன்பு லோஷி,

அம்மா உண்மையாகவே பயந்துவிட்டார்கள். உறையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கோர்ட்டு காயிதமாடா?" என்று கேட்டார்கள். நீ கையால் எழுதிய கடிதம் என்றதும் குரல் மாறிவிட்டது. "இவ்ளோ நீளமா எழுதுற பொண்ண விட்டுட்டு இங்க வந்து ஒக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?" தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தபோதும் உன் பெயருக்குத்தான் அர்ச்சனை செய்தார்கள். என் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார்களாம்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். குளுவாங்கில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லித் தருகிறேன். மற்ற நாட்களில் மழை, இரயில் சத்தம், அம்மாவின் சீரியல்.

நீ சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். மதிவாணன் வீடியோ அனுப்பியிருந்தான். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல ஹோட்டல்களில் லிஃப்டுக்குள் கேட்குமே, அந்த மாதிரி நன்றாக இருக்கிறது. உன் குரலுக்கு அது போதுமா? ஒரு சொல்லை நீ இழுத்தால் மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்டவள் இப்போது காப்பி ஆற்றுகிறவன் சத்தத்துக்கு நடுவில் தாளம் போட்டுக்கொண்டு நிற்கிறாய்.

இதையெல்லாம்விட என்னைக் குத்தியது வேறு. நீ சிரித்துக்கொண்டே பாடுகிறாய். எட்டு வருஷமாக உன் பக்கத்தில் நின்று வாசித்தவன் நான். மேடையில் ஒரு தடவைகூட நீ சிரித்து நான் பார்த்ததில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உனக்கு இடது பக்கம் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அப்பா பாட்டை விடச் சொல்கிறாய். எப்படி விடுவேன்? நம் சட்டம் உனக்கு மறந்திருக்காது. சண்டை வந்தால் அது பாட்டாக வேண்டும். பாட்டு முடியும்வரை சமாதானம் கிடையாது. இடையில் சமாதானமாகிவிட்டால் பாட்டு நீர்த்துப்போகும். நாம் இரண்டு பேரும் சேர்ந்து வைத்த சட்டம்தானே அது? ஈரக்குடையின் எல்லாப் பாட்டும் அப்படி வந்ததுதான். இந்தப் பாட்டில் இரண்டு சரணம் முடிந்துவிட்டது. மூன்றாவது வர மறுக்கிறது. அது வராமல் நான் எந்த முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்பேன்?

உன்,
ரூபேந்திரன்


ஜொகூர் பாரு
24 பிப்ரவரி 2025

அன்புள்ள ரூபன்,

லிஃப்டா? ரூபினியிடம் சொன்னேன். "அவருக்கு இன்னும் மூணு பல்லு சொத்தையா இருக்கு, திரும்ப வருவாருல்ல" என்றார். இனி நீ பல்வலியோடுதான் வாழ வேண்டும்.

சட்டம் எனக்கு மறக்கவில்லை. நானும் கையைத் தூக்கி ஒப்புக்கொண்ட சட்டம்தான். அப்போது நமக்குக் கல்யாணமாகிச் சில மாதம். சண்டை போட்டு, பாட்டெழுதி, அந்தப் பாட்டைப் பாடி முடித்ததும் கட்டிக்கொள்வது சினிமா மாதிரி இருந்தது. பிறகு என்ன ஆனது என்று யோசித்துப் பார். 'ஆறிப்போன அடுப்பு' எப்படி வந்தது? நான் வைத்த மீன்கறியில் புளி தூக்கல் என்று நீ சொன்னாய், அவ்வளவுதான். மறுநாளே சரியாகியிருக்கும் சண்டை. உனக்கு மூன்றாவது அடியில் எதுகை கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு வாரத்துக்கு மேல் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். நடுவில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. தொட்டால் பாட்டு கெட்டுவிடும் என்று பானடோல் மாத்திரையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனேன். ஊரே அந்தப் பாட்டைக் கேட்டு உருகுகிறது. எனக்கு அந்தப் பானடோல்தான் ஞாபகம் வருகிறது.

இப்போது பாடுவதைப் பற்றி உனக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுமையாகக் கேள். முதல் வியாழக்கிழமை நான் படுமோசம். நம் பாட்டில் பாடுவது மாதிரியே ஒவ்வொரு சொல்லையும் பிழிந்தேன். மதிவாணன் குச்சிகளை வைத்துவிட்டு, கம்பிக் குஞ்சத்தால் டிரம்மைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "அலமாக், லோஷி, தாளத்த பிடிச்சு தொங்காத லா. அது எங்கயும் ஓடிடாது. முன்னால போவட்டும், நீ பின்னால மெதுவா வா." வாயால் சொன்னது சுலபம். நான்கு தட்டுத் தாளத்தில் என் கால் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறது, அங்கே தட்ட வேண்டியது இரண்டிலும் நான்கிலும். குளிக்கும்போது, துணி காயப்போடும்போது, பேருந்துக்கு நிற்கும்போது எல்லாம் தட்டிப் பழகினேன். ஒருநாள் ஒரு சொல்லைத் தொட்டேன், விட்டுவிட்டேன். அடுத்த சொல்லுக்கு அவசரப்படவில்லை. அந்த இடைவெளியில் ரூபினி இரண்டு கட்டையை அமுக்கிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மதிவாணன் உனக்கு அனுப்பியது அன்றைக்கு எடுத்ததுதான்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. ராஜம்மா அத்தை போன் செய்து திட்டினார். "எங்கண்ணன் செத்து வருஷம் திரும்பல, அதுக்குள்ள ஒனக்கு ஆட்டம் பாட்டமா? ஊர்ல என்னா பேசுறாங்க தெரியுமா?" சோகப் பாட்டு பாடினால் பரவாயில்லையாம்.

பாட்டில்லாமல் வர முடியாதா உன்னால்?

லோஷி


லாயாங் லாயாங்
16 மார்ச் 2025

என் அன்பு லோஷி,

பாட்டு முடிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா துளசிச் செடிக்குத் தொட்டி வேண்டுமென்று என்னை ஆயர் ஈத்தாமுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மண்பாண்டக் கடையில் ஒவ்வொரு தொட்டியாகத் தட்டிப் பார்த்து, "இது வெடிச்சிருக்கு, அது கோணலா இருக்கு" என்று கடைக்காரச் சீனரோடு மலாயில் மல்லுக்கு நின்றார்கள். நான் வெளியே நின்றேன். மூன்றாவது சரணம் முழுதாக வந்து விழுந்தது. போனில் பாடிப் பதிவு செய்துகொண்டேன். எழுதி இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார். நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படியானது என்று நினைக்கிறேன். உன் குரல் ஒன்றுதான் பாக்கி.

சட்டப்படி இனி நமக்குள் சமாதானம். நான் அடுத்த வாரமே வந்துவிடலாமா?

மீன்கறியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அந்தப் பானடோலை நீதான் வைத்தாய் என்று தெரியும். எடுத்துப் போட்டுக்கொண்டேன். தெரிந்தும் வெளியே வரவில்லை. ஆனால் லோஷி, அந்தச் சட்டம் இல்லையென்றால் நான் யார்? உன் சண்டையும் உன் அழுகையும் இருந்தால்தான் எனக்கு எழுத வருகிறது. இப்போது நீ சிரிக்கிறாய். அந்த வீடியோவை நேற்றும் பார்த்தேன். பியானோ இருக்கிறது, பேஸ் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது. கிதார் இல்லை. யாரும் தேடவும் இல்லை.

நேராகவே கேட்டுவிடுகிறேன். நீ சிரிப்பது நான் பக்கத்தில் இல்லாததாலா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்,
ரூபன்


ஜொகூர் பாரு
28 மார்ச் 2025

அன்புள்ள ரூபன்,

பாட்டைப் படித்தேன். நீ எழுதியதிலேயே சிறந்தது இதுதான், சந்தேகமே வேண்டாம். நான் இதைப் பாட மாட்டேன்.

கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

உன் பல்லவியில், இறந்துபோன அப்பாவின் போன் நம்பருக்கு மகள் ரீலோட் போட்டுவிட்டு, ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள் அப்பா என்று தரையில் விழுந்து அழுகிறாள். அன்று நடந்ததை நினைத்துப் பார். அப்பா போய்ப் பதிமூன்றாம் நாளோ பதினான்காம் நாளோ. நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் லைன் இன்னும் சில நாளில் கட்டாகும் என்று மெசேஜ் வந்தது. மாதாமாதம் நான்தானே காசு போட்டுக்கொண்டிருந்தேன், பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன். அப்பா எப்போதும் என்ன சொல்வார்? "ரீலோட்டு மட்டும் ஒழுங்கா போடுற, ஒரு கால் பண்ண மாட்டேங்கிற. இந்தக் காச வெச்சு நான் யாருக்கு அடிக்க?" அது ஞாபகம் வந்தது. உன்னைப் பார்த்து, "அப்பாவுக்கு ரீலோட் போட்டாச்சு. இனிமே அவருதான் கால் பண்ணணும்" என்று சொன்னேன்.

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன் ரூபன். அவர் போனபிறகு எனக்கு வந்த முதல் சிரிப்பு அது. அவரோடு சண்டை போடுகிற மாதிரி, அவர் அடுத்த அறையில் இருக்கிற மாதிரி இருந்தது. நீயும் சேர்ந்து சிரிப்பாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். உன் கண் எங்கேயோ போய்விட்டது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அப்படியே எழுந்து கிதாரை எடுக்கப் போய்விட்டாய். சிரிப்பைக்கூட அழுகையாகக் கேட்கிற காது உனக்கு. அதை வளர்த்துவிட்டதில் எனக்கும் பங்குண்டு.

அப்பா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. முப்பது வருஷம் பேக்டரி பஸ் ஓட்டியவர். விடியற்காலை பாலத்து ஜாமில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் சீட்டியடித்துக்கொண்டே, "சிங்கப்பூரு எங்கயும் போயிடாதுங்க, தூங்குங்க, நான் எழுப்பி வுடுறேன்" என்பாராம். மதிவாணன் தாளம் எங்கயும் ஓடிடாது என்று சொன்ன அன்றே எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அந்த மனிதருக்கு இவ்வளவு சோகமான பாட்டு எப்படிப் பொருந்தும்? நான் வேறொன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நானே. நீ சிரிக்கலாம், எனக்கு எதுகை வராது.

நீ கேட்டதற்குப் பதில். இல்லை. நீ இல்லாததால் நான் சிரிக்கவில்லை. என் சிரிப்பை யாரும் எடுத்துக்கொண்டு போகாத ஓர் இடம் கிடைத்தது, அதனால் சிரித்தேன். அந்த இடம் நம் வீடாகவே இருந்திருக்கலாம்.

பாட்டு முடிந்ததால் வராதே. அப்படி வந்தால் அடுத்த சண்டைக்கு இன்னொரு பாட்டு வேண்டியிருக்கும். என்னால் முடியாது.

லோஷி


ஜொகூர் பாரு
9 ஏப்ரல் 2025

அன்புள்ள ரூபன்,

உன் பதில் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறேன். அவருக்கே பாவமாகிவிட்டது. "தாக் அடா லா, அடிக்", ஒன்றும் வரவில்லை தங்கச்சி என்று தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று நினைத்தேன். திரும்ப யோசித்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். உனக்கு வலித்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

பதினான்காம் தேதி புத்தாண்டு. அப்பாவுக்கு வருஷம் திரும்பாததால் நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. உன் அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல். அந்த வியாழக்கிழமை, பதினேழாம் தேதி, அப்பா பாட்டை முதல் தடவையாகப் பாடுகிறேன். என்னுடையதைச் சொல்கிறேன். ஆரம்பம் இப்படி:

பாலத்தில் ஜாம், பஸ்ஸுக்குள் தூக்கம்
அப்பாவுக்கு மட்டும் அவசரம் இல்லை

உன் அளவுக்கு இல்லைதான். ஃபைசாலுக்குத் தமிழ் தெரியாது, 'ஜாம்' என்ற இடத்தில் மட்டும் உற்சாகமாகத் தலையாட்டுகிறார். நான் உன்னை வரச் சொல்லவில்லை. என்றைக்குப் பாடுகிறேன் என்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

லோஷி


லாயாங் லாயாங்
18 ஏப்ரல் 2025

லோஷி,

நான் வந்திருந்தேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்துக்குப் பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். எழுதுவதெல்லாம் பாட்டு மாதிரியே வந்தது. கிழித்துப் போட்டேன். உன் அடுத்த கடிதம் வந்ததும் அம்மா என் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்து, "போயிட்டு வா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார்கள்.

மழைக்கு ஒதுங்கி ஒதுங்கி வந்ததில் நேரமாகிவிட்டது. மாடிக்குப் படி ஏறும் இடம் வரைக்கும் வந்தேன். மேலே நீ பேசுவது கேட்டது. "இது எங்கப்பா செல்லப்பனுக்கு. அவரு பஸ் டிரைவர். யாரும் அழக் கூடாது, ஓகே?" எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் பூட்டியிருந்த கடையின் வாசலில், நடைபாதையிலேயே நின்று கேட்டேன்.

உன் பாட்டில் எதுகை இல்லைதான். இரண்டாவது அடியை இன்னும் கொஞ்சம் சுருக்கலாம். அதெல்லாம் இருக்கட்டும். 'அவசரம் இல்லை' என்று பாடிவிட்டு நீ நிறுத்தினாய். ரொம்ப நேரம் நிறுத்தின மாதிரி இருந்தது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் கட்டாயம் கிதாரால் ஏதாவது இட்டு நிரப்பியிருப்பேன். எட்டு வருஷமும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன். ரூபினி ஒன்றும் வாசிக்கவில்லை. மதிவாணன் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நீயாக வந்து அடுத்த சொல்லைப் பிடித்தாய். மாடியில் யாரோ சந்தோஷத்தில் கத்தினார்கள். நானும் கீழே நின்று சிரித்துவிட்டேன்.

மேலே வராமலே கிளம்பினேன். கூலாய் தாண்டி பெட்ரோல் போட நின்றபோது ஒரு பேக்டரி பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சோம்பல் முறித்தார். உன் அப்பா மாதிரியெல்லாம் இல்லை, இளவயசுக்காரர். ஆனால் எனக்கு மாமா ஞாபகம் வந்தது. நம் ஒவ்வொரு கச்சேரிக்கும் வேலைச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்காருவாரே. எல்லாம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "என்னா மாப்ள, அழுது முடிச்சாச்சா? வாங்க, சாப்பிட போலாம்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதேதான். அது எனக்கு எரிச்சலாகக்கூட இருந்திருக்கிறது, நம் பாட்டு அவருக்குப் புரியவில்லையே என்று.

இனி அப்படி ஒருவர் வந்து கூப்பிட மாட்டார் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஏழு மாதமாக அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன், லோஷி. அவர் இல்லை என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்று அழுதேன். பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பழக்கம் விடுமா? அழுதுகொண்டே, ஏதாவது வரி வருகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வீடு வரைக்கும் வரவில்லை. இன்று காலையிலும் இல்லை.

நான் எழுதிய பாட்டு உன்னிடமே இருக்கட்டும். யாரும் பாட வேண்டாம். என் கையில் இப்போது கொண்டுவருவதற்கு ஒன்றுமே இல்லை. நம் சண்டையும் அப்படியேதான் இருக்கிறது. இப்படியே வரலாமா?

ரூபன்


ஜொகூர் பாரு
22 ஏப்ரல் 2025

அன்புள்ள ரூபன்,

வா.

நீ கீழே நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாட்டைப் பாதியில் விட்டிருப்பேன். அதனால் நீ மேலே வராததும் நல்லதுதான். இரண்டாவது அடியைச் சுருக்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்து, பிறகு சுருக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ அழுததைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் இன்னும் அழவில்லை. ஆஸ்பத்திரியில் அழவில்லை, அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அழவில்லை. ராஜம்மா அத்தை என்னைக் கட்டிக்கொண்டு கதறினார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றேன். பெற்ற அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று அன்றைக்கே பேசினார்கள். உன் முன்னால் அழுதால் நீ பாட்டுக்கு வரி தேடிக் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று பயந்து அடக்கினேன். நீ போனபிறகு அழலாம் என்று பார்த்தால், அது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

வியாழக்கிழமை நான் சிரிப்பது பொய் இல்லை. அந்த மாதிரி பாட்டுத்தான் இனி பாடுவேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அப்பாவுக்கு அழ வேண்டியதை நான் இன்னும் அழவில்லை ரூபன். ரூபினியிடம் அழுது பார்த்தேன், வரவில்லை. தனியாகவும் வரவில்லை. எட்டு வருஷமாக உன்னிடம் மட்டும் அழுது பழகிவிட்டேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. கதவைத் தாழிடாமல் வைக்கிறேன். வந்ததும் மன்னிப்பு, சமாதானம் என்று எதையும் ஆரம்பிக்காதே. என் பக்கத்தில் வந்து உட்கார். நான் அழுவேன். நீ கவனித்துக் கேட்க வேண்டாம், பக்கத்தில் இரு.

லோஷி